அக்கா சொல்லாத வலி

"விழறதுக்கு முன்னாடி இந்தத் தொடையில வலி ஏதாவது இருந்துச்சா, சிஸ்டர்?" என்று பெரிய டாக்டர் கேட்டார்.

என் அக்கா கண் இமைக்காமல், "இல்ல டாக்டர்" என்றாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவள் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அது பச்சைப் பொய். இரண்டு மாதமாக அந்தத் தொடையைப் பிடித்துக்கொண்டு அவள் பட்ட பாட்டைத் தினமும் பார்த்தவள் நான். ஆனால் இடுப்பிலிருந்து முழங்கால் வரை வீங்கிப்போய், காலில் எடை கட்டித் தொங்கவிட்டுக் கிடப்பவளை டாக்டர் முன்னால் வைத்து, "ஏன் பொய் சொல்றே?" என்று கேட்க முடியுமா? வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு வழக்கமில்லை. அக்கா என்னைக் கூப்பிடுவதே வாயாடி என்றுதான்.

அவளுக்கு எழுபத்திரண்டு வயது. எலும்பு ஆபரேஷன் நடக்கும் தியேட்டரில் முப்பத்து மூன்று வருடம் சிஸ்டராக இருந்தவள். அதில் பெரும்பகுதி இந்த டாக்டருக்குப் பக்கத்தில்தான். அவர் கை நீட்டுவதற்குள் கேட்கப்போகிற ஆயுதம் கையில் இருக்குமாம். காயத்துக்குள் வைத்த பஞ்சும் துணியும் எண்ணிச் சரியாக வராமல் தைக்க விடமாட்டாள். ஒரு முறை அவர் அவசரப்பட்டபோது, "ஒண்ணு குறையுது, ஊசி தரமாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம். தேடிப் பார்த்தால் அது உள்ளேதான் இருந்ததாம். அன்றிலிருந்து தியேட்டரில் அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவளுடைய இடது இடுப்பு தேய்ந்துபோனபோது இதே டாக்டர்தான் செயற்கை மூட்டு வைத்தார். அதிலிருந்து ஓர் உலோகத் தண்டு, ஸ்டெம் என்பார்கள், தொடை எலும்பின் நடுவே ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருக்கும். அந்த எக்ஸ்ரே படத்தை அவர் இன்றைக்கும் மாணவர்களுக்குக் காட்டி, வைத்தால் இப்படி வைக்க வேண்டும் என்று சொல்வாராம். அக்காவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்யாண ஆல்பம் இல்லாத குறையை அந்த எக்ஸ்ரே தீர்த்துவைத்துவிட்டது என்று நான் கேலி செய்வேன்.

என் கணவர் போய்ச்சேர்ந்த பிறகு நானும் அவளோடு வந்துவிட்டேன். மாடியில் குடியிருப்பு, கீழே துணி திருத்திக் கொடுக்கும் என் கடை. இந்தத் தொழிலில் இருப்பவளுக்கு ஆள் நிற்கும் நிலைதான் முதலில் கண்ணில் படும். எந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது, எந்தக் கால் குட்டை என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் பேண்ட்டில் இடது பக்க ஓரம் மட்டும் தேயத் தொடங்கியது. காலை இழுக்கிறாள் என்று தெரிந்தது. "என்னக்கா நொண்டுறே?" என்று கேட்டேன். செருப்பு சரியில்லை என்றாள். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அதைப் போட்டுக்கொண்டும் நொண்டினாள்.

வெளியே போய்விட்டு வந்தால் உடனே மாடி ஏறமாட்டாள். என் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையை அமுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். "என்ன மகாராணி, எனக்குப் பொழுது போகலைன்னா வந்தீங்க?" என்று நக்கல் அடிப்பேன். நக்கல் அடித்தேனே தவிர, பிடரியைப் பிடித்து டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போகவில்லை. வீட்டிலேயே ஒரு சிஸ்டர் இருக்கும்போது நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அன்று காலை கடையைத் திறந்துகொண்டிருந்தபோது மேலே தொம்மென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறையில், கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறாள். இடது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. "வழுக்கிடுச்சுடி" என்றாள். தரை காய்ந்து கிடந்தது. அந்த நேரத்தில் தரையைப் பற்றி யாருக்கு யோசனை ஓடும்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

பெரிய டாக்டர் பார்த்துவிட்டுப் போன பிறகு, மத்தியானம் சின்ன டாக்டர் சம்மதக் கையெழுத்து வாங்க வந்தாள். ஒடிசலான பெண், சரியாகத் தூங்காத கண்கள், ஆனால் பொறுமைசாலி. அக்கா அவளிடம் எதையும் விளக்கச் சொல்லாமல் காகிதத்தை வாங்கி, மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி ஓர் ஓட்டம் ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எனக்குத்தான் விளங்கவில்லை. வெளியே நர்சுகளின் மேசை வரை பின்னாலேயே போனேன்.

"என்னம்மா செய்யப் போறீங்க? என்னை மாதிரி ஆளுக்கும் புரியற மாதிரி சொல்லு."

அவள் ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் தொடை எலும்பை வரைந்தாள். மேலிருந்து இறங்கும் ஸ்டெம்மையும், அதன் நுனிக்குச் சற்றுக் கீழே எலும்பு இரண்டாகிக் கிடப்பதையும் வரைந்தாள். பிறகு வெளிப்பக்கத்தில் ஒரு நீளக் கோடு இழுத்தாள்.

"இதுதான் பிளேட், உலோகப் பட்டை. உடைஞ்ச எடத்துக்குக் கீழ ஸ்க்ரூ போட்டு எலும்போட பிடிச்சிடுவோம். மேல்பக்கம் நடுவுல ஸ்டெம் அடைச்சுக்கிட்டு இருக்கறதால நீள ஸ்க்ரூ போகாது. அங்க கம்பிவடத்தை எலும்பைச் சுத்திப் போட்டு, பிளேட்டோட சேர்த்து இறுக்கிடுவோம். ரெண்டு மணி நேர வேலை. அவங்க இதயம் கொஞ்சம் பலவீனமா இருக்கு. அதனால அதுக்கு மேல இழுக்காதீங்கன்னு மயக்க மருந்து டாக்டர் சொல்லியிருக்கார்."

"முன்னாடி வலிச்சுதான்னு எதுக்கும்மா கேட்டார்?"

"அதுதான் முக்கியமான கேள்வி. ஸ்டெம் எலும்புக்குள்ள கெட்டியா இருந்தா பிளேட் போதும். அதுவே லூசாகி ஆடிக்கிட்டு இருந்துச்சுன்னா, பிளேட் போட்டுப் பிரயோஜனம் இல்ல. கொஞ்ச நாள்ல பிளேட்டே உடைஞ்சிடும். பழைய ஸ்டெம்மை உருவி எடுத்துட்டு நீளமா வேற ஒண்ணு வைக்கணும். எக்ஸ்ரேல சில நேரம் தெரியாது. விழறதுக்கு முன்னாடியே தொடை வலிச்சிருந்தா சந்தேகப்படுவோம்."

இற்றுப்போன துணியில் ஒட்டுப்போடுவது போலத்தான். ஒட்டு எவ்வளவு நல்ல துணியாக இருந்தாலும் தையல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இவ்வளவு பெரிய விஷயம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அக்காவுக்கு முப்பத்து மூன்று வருடமாகத் தெரியும்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். "ஏன் வலி இல்லைன்னே?" என்று கேட்டேன்.

"மெதுவா பேசு."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறே. மெதுவா வேற பேசணுமா?"

அவள் கூரையைப் பார்த்தபடி பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னாள். "ஸ்டெம் லூசாயிடுச்சுடி. வலி ஆரம்பிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும். நான் பாக்காத லூஸ் ஸ்டெம்மா? இப்ப அதைச் சொன்னா உருவணும். எலும்பைப் பிளக்கணும். நாலு மணி நேரம், அஞ்சு மணி நேரம் ஆகும். ரத்தம் கொட்டும். அந்த மேசையில இருந்து எழும்பாதவங்களை நான் பாத்திருக்கேன். என் நெஞ்சு தாங்காது."

"அப்ப பிளேட் உடைஞ்சிடுமே."

"உடையட்டும். ஒரு வருஷம் தாங்கினாப் போதும்."

"ஒரு வருஷத்துக்கு அப்புறம்?"

"அவர் அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறார்." அக்காவின் குரல் இறங்கியது. "அவர் போனதுக்கு அப்புறம் வேற யாராவது பாத்துக்குவாங்க. கடைசி மாசத்துல தன் கையால வச்சதைத் தன் கையாலயே உருவணுமா அவர்? அதுவும் என் இடுப்புல இருந்தா?"

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு டாக்டர் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஒருத்தி தன் காலையே விட்டுக்கொடுக்கிறாள். "ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா," என்றேன். "அவருக்குச் சறுக்கினா அவர் தாங்கிக்குவார். உனக்குக் கால் போனா யார் தாங்கறது? நான்தான் தூக்கிக்கிட்டுத் திரியணும்."

"நீ தூக்க வேண்டாம்."

"அவர்கிட்ட நான் சொல்லத்தான் போறேன்."

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டிலோடு கிடப்பவளின் பிடி இல்லை அது. "சொன்னேன்னு வை, அப்புறம் என் முகத்துல முழிக்காதே. விளையாட்டுக்குச் சொல்லல."

விளையாட்டுக்குச் சொல்பவள் இல்லை அவள். எங்கள் அண்ணனோடு பேச்சை நிறுத்தியவள் அவன் சாவுக்குப் போய் நின்றபோதும் கூட அழவில்லை. வீட்டுக்கு வந்து, உடுத்திய துணியோடு படுத்துக் கிடந்தேன். சொன்னால் மேசையிலேயே போய்விடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் ஒரு வருடத்தில் காலோடு சேர்ந்து எல்லாம் போகும். இரண்டு பக்கமும் என் அக்காதான் சாகிறாள். எந்தப் பக்கம் என்று நான் சொல்ல வேண்டுமாம். எங்கள் அம்மா இருந்திருந்தால் அவள் மடியில் இதைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன்.

காலையில் ஏழரைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தலையில் பச்சைத் தொப்பி. அதைத் தானே சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். தியேட்டர் வாசலில் நின்ற ஆட்கள் எல்லோரும், "கணக்கம்மா, பயப்படாதீங்க" என்றார்கள். "பயமா? நீங்க பஞ்சை எண்ணுங்க, அது போதும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கம் திரும்பி, உதட்டில் ஒரு விரலை வைத்துக் காட்டினாள். கதவு மூடிக்கொண்டது.

அந்த வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. வெளிச் செருப்போடு யாரும் அதைத் தாண்டக்கூடாது. கோட்டுக்கு அந்தப் பக்கம், நீளமான தொட்டியில் பெரிய டாக்டர் முழங்கை வரை கை தேய்த்துக்கொண்டிருந்தார். நான் கோட்டின்மேல் நின்றுகொண்டு, "டாக்டர்!" என்று கத்தினேன். கடையில் வாடிக்கையாளரைக் கூப்பிடுகிற குரல். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அக்கா பொய் சொல்லிட்டா. ரெண்டு மாசமா அவளுக்கு அந்தத் தொடை வலி. நீங்க வச்சது ஆடிப்போச்சுன்னு நினைக்கிறா. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்னையும் மிரட்டி வச்சிருக்கா."

அவர் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அடிபட்ட கண்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"எப்ப வலிக்கும்? உக்காந்துட்டு எழுந்திருக்கும்போதா? இல்ல, நடந்ததுக்கு அப்புறமா?"

"நடக்க நடக்கத்தான் கூடும். எழுந்திருக்கும்போது நல்லாத்தான் எழுந்திருப்பா. வெளிய போயிட்டு வந்தான்னா மாடி ஏற முடியாம என் கடையில உக்காந்துடுவா."

"எந்த எடத்துல?"

நான் என் தொடையின் வெளிப்பக்கத்தில் கை வைத்துக் காட்டினேன். அக்கா அமுக்கிக்கொள்ளும் அதே இடம்.

"ஒரே எடம்தானா? மேலயும் கீழயும் பரவாதா?"

"ஒரே எடம்தான் டாக்டர். உள்ளங்கை அகலம்."

அவர் உள்ளே திரும்பி, ஸ்டெம்மை உருவுகிற ஆயுதப் பெட்டியையும் எடுத்து வையுங்கள், ரத்தம் இன்னும் இரண்டு பாட்டில் சொல்லுங்கள் என்று யாரிடமோ சொன்னார். பிறகு மறுபடி முதலிலிருந்து கை தேய்க்கத் தொடங்கினார்.

காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒருவர் எழுந்தால் வரிசை முழுவதும் ஆடும். பத்து மணி ஆனது. சின்ன டாக்டர் சொன்ன இரண்டு மணி நேரம் முடிந்துவிட்டது. பத்தே முக்கால், பதினொன்று. கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் கடைசியில், "உக்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது" என்றார். நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வாயால் கொன்றுவிட்டேன். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டால் பரவாயில்லை, அக்கா கெடக்கூடாது. சாமி நம்பிக்கை பெரிதாக இல்லாதவள் நான், ஆனாலும் அன்றைக்கு யாரைக் கும்பிட்டேன், என்ன நேர்ந்துகொண்டேன் என்று எனக்கே தெரியாது.

பதினொன்றரைக்குப் பெரிய டாக்டரே வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்காலி வரிசை ஆடியது.

"நல்லா இருக்காங்க," என்றார். "இதயம் தாங்கிடுச்சு."

நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

"ஸ்டெம் லூஸ் இல்லம்மா," என்றார் பிறகு. "மூட்டு வரைக்கும் திறந்து, பிடிச்சு ஆட்டிப் பாத்தேன். மூணு தடவை. எலும்பு அதோட ஒட்டி வளந்திருக்கு. அசையவே இல்ல."

"அப்ப வலி?"

"எலும்பு வலிச்சிருக்கு. ஸ்டெம்மோட நுனி இருக்கற எடத்துல பாரம் எல்லாம் ஒரே புள்ளியில விழும். அங்க ஒரு கீறல் விட்டிருக்கு. நடக்க நடக்கக் கொஞ்சங்கொஞ்சமா விரிஞ்சிருக்கு. உடம்பும் அதைச் சுத்திப் புது எலும்பு வச்சு அடைக்கப் பாத்திருக்கு. முடியல. உடைஞ்ச ஓரம் மழுங்கி, பழசா இருந்துச்சு." அவர் கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவங்க விழுந்து எலும்பு உடையல. எலும்பு உடைஞ்சுதான் விழுந்தாங்க."

காய்ந்து கிடந்த சமையலறைத் தரை எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"எக்ஸ்ரேல உடைஞ்ச துண்டு ஒண்ணு மேல சாஞ்சு அந்த ஓரத்தை மறைச்சிருந்துச்சு. எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான், அதனாலதான் கேட்டேன். சிஸ்டர் இல்லைன்னதும் விட்டுட்டேன். அவங்க சொன்னதை நான் மறுபடி சரிபார்த்ததே இல்ல." பெருமூச்சு விட்டார். "நீங்க சொல்லலைன்னா ஒரு பிளேட்டைப் போட்டு மூடியிருப்பேன். அந்தச் செத்த ஓரம் ஒட்டியிருக்காது. இப்ப அதைச் சுரண்டி எடுத்துட்டு, இடுப்பெலும்புல இருந்து நல்ல எலும்பு கொஞ்சம் எடுத்து வச்சிருக்கேன். வெளிப்பக்கம் ஒரு நீளப் பிளேட், முன்பக்கம் இன்னொண்ணு. ரெண்டு மாசம் கால் ஊனக்கூடாது. அப்புறம் நடப்பாங்கன்னு நம்பறேன்."

"ரெண்டு மாசம் முன்னாடியே அவ சொல்லியிருந்தா?"

"ஒரு எக்ஸ்ரே எடுத்திருப்போம். கைத்தடி கொடுத்திருப்போம். தேவைப்பட்டா உடையறதுக்கு முன்னாடியே ஒரு பிளேட். விழுந்திருக்கவே மாட்டாங்க."

முப்பத்து மூன்று வருடம் தொடைகளைப் பார்த்தவள் எப்படி இதைத் தவறவிட்டாள் என்று கேட்டேன். அவர் யோசித்துச் சொன்னார். "சிஸ்டர்கிட்ட வர்றவங்க எல்லாரும் மயக்கத்துல வருவாங்கம்மா. எங்க வலிக்குது, எப்ப வலிக்குதுன்னு ஒருத்தரும் அவங்ககிட்டப் பேசினதில்ல. திறந்த தொடையை அவங்களை மாதிரி பாத்தவங்க கிடையாது. ஆனா வலி பேசறதை அவங்க கேட்டதே இல்ல."

எழுந்தவர், போகாமல் நின்றார். "ஒண்ணு மட்டும் மனசுல நிக்குது. என் வேலை தப்பாப் போச்சுன்னு ரெண்டு மாசம் முன்னாடியே தீர்ப்பு எழுதி, என்னை மன்னிச்சும் விட்டிருக்காங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல." முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

மாலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் என்னை ஐந்து நிமிடம் அனுமதித்தார்கள். அக்கா கண் திறந்து முதலில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற நர்சிடம், வறண்ட குரலில், "எப்ப வெளிய கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள். பதினொன்றேகால் என்று அவள் சொன்னாள். அக்கா மனசுக்குள் கழித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. இரண்டு மணி நேரத்துக்கு அதிகம், நாலு மணி நேரத்துக்குக் குறைவு. கணக்கு இடித்தது. என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"உருவினாங்களா?"

"இல்ல. கெட்டியா இருக்கு. அசையவே இல்லையாம்."

அவள் முகம் அப்படியே மலர்ந்தது. அவ்வளவு வலியிலும் மலர்ந்தது. "அவர் கை தப்பாதுடி. எனக்குத் தெரியும்."

பேசாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் கழித்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்த பயமெல்லாம் கோபமாகப் பொங்கிக்கொண்டு வந்தது. "உனக்குத் தெரியாதுக்கா. தப்பிடுச்சுன்னு நினைச்சுத்தானே மறைச்சே? அந்த மனுஷன் மேல உனக்கு நம்பிக்கை இருந்திருந்தா அன்னைக்கே போய்க் காட்டியிருப்பே. எலும்புல கீறலாம். ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தா நீ விழுந்தே இருக்க மாட்டியாம்."

மலர்ந்த முகம் மெல்ல மெல்ல வாடிப்போனது. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. யாரும் படம் வரைந்து காட்டத் தேவையில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஐந்து நிமிடம் முடிந்துவிட்டது என்றார்கள்.

அடுத்த நான்கு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. நான் கஞ்சியைக் கரண்டியில் எடுத்துக் கொடுத்தால் வாய் திறந்து வாங்கிக்கொள்வாள், கண்ணைத் திறக்கமாட்டாள். பெரிய டாக்டர் வந்தால் அவரையும் பார்க்கமாட்டாள். அவர் காயத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போவார். முகத்தில் முழிக்காதே என்றது சும்மா இல்லை என்று தெரிந்துகொண்டேன். உயிரோடு இருக்கிறாள், கால் இருக்கிறது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. கடைக்குப் போய் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஐந்தாம் நாள் காலை பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். எட்டு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் கேஸ் ஷீட்டைச் சத்தமாகப் படித்தான். வயது, இதய நோய், ஒன்பது வருடத்துக்கு முந்தைய இடுப்பு மாற்று. "சமையலறையில் வழுக்கி விழுந்தார். அதற்கு முன் தொடை வலி இல்லை."

டாக்டர் எதுவும் திருத்தவில்லை. பக்கத்தைப் புரட்டச் சொல்லி, பிளேட்டைப் பற்றி ஆரம்பித்தார்.

"நிறுத்துங்க," என்றாள் அக்கா.

நான்கு நாளாகப் பேசாத குரல் கரகரத்தது. மாணவன் நிறுத்தினான்.

"அந்த வரி தப்பு. அடிச்சுட்டு எழுதுங்க. அறுபத்தி நாலு நாள் வலி இருந்துச்சு. நடந்தா கூடும், உக்காந்தா குறையும், வெளிப்பக்கம், ஒரே எடத்துல. வழுக்கல. நின்ன எடத்துல திரும்பினேன், உடைஞ்சுது."

மாணவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் அவனிடமிருந்து ஷீட்டை வாங்கி, தன் பேனாவை எடுத்தார். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினார். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முடித்துப் பேனாவை மூடப் போனார்.

"இன்னும் இருக்கு டாக்டர். இந்தப் பிள்ளைங்களும் படிக்கணும்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "டாக்டர் கேட்டார், நோயாளி மறைச்சா. அதை எழுதுங்க."

"சிஸ்டர், அது வேண்டாம்…"

"எழுதுங்க. நோயாளி மறைச்சா." அக்கா தலையைத் திருப்பி, நான்கு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்து வழிந்தன. "தங்கச்சி சொன்னா. அதையும் எழுதுங்க."